பெரியப்பாவுக்குச் சொன்ன ஐஸ்

பாக்டீரியாவும் சாவும் நம் வசதி பார்த்து நடந்துகொள்வதில்லை. இரண்டையும் ஒரே காலையில் சந்தித்த மேதை நான்.

அறுபதுகளின் கடைசி. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியா தன் மரபணுவிலிருந்து ஒரு நகல் எடுத்து, அதைப் பார்த்துத்தான் புரதம் செய்யும். தூது ஆர்.என்.ஏ. என்று அதற்குப் பெயர். அந்த நகலைச் சில நிமிஷங்களில் சிதைத்தும் விடும். அதனால்தான் தேவை தீர்ந்த புரதத்தின் உற்பத்தி சட்டென்று நின்றுபோகிறது. எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது என்று அளப்பது என் வேலை. எடுத்த மாதிரியை அந்தக் கணமே ஐஸில் வைக்காவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் ஐஸ் மெஷின் கெட்டுப்போயிருந்தது. சிவாஜிநகர் ஐஸ் கடை பாயிடம் ஒரு பெரிய கட்டி சொல்லியிருந்தேன். காலையில் இரண்டு வந்தன. (என் ஆராய்ச்சியின் அருமை பாய்க்காவது புரிந்ததே என்று பூரித்தேன்.) இரண்டையும் உடைத்துத் தொட்டியில் கொட்டி, உப்பைத் தூவி, குழாய்களைச் செருகினேன்.

முதல் மாதிரியை எடுக்கும்போது சாமுவேல் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"எஸ்தர், பெரியப்பா தவறிட்டாரு."

காதில் விழுந்தது. ஆனால் கையில் பிப்பெட். "ஒரு நிமிஷம்ணா" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "விடிஞ்சதுமே பாய்கிட்ட ஐஸ் சொன்னேன். எஸ்தரோட அண்ணன்னேன். மாலூம், மாலூம், எனக்குத் தெரியும்னாரு. வீட்டுக்கு இன்னும் வரல."

இருவரும் தொட்டியைப் பார்த்தோம்.

பம்பாயிலிருந்து பெரியப்பாவின் ஒரே மகன் ஜோசப் மறுநாள்தான் வந்து சேர முடியும். அதுவரை உடலைக் காக்கத்தான் அந்த ஐஸ். சோதனையை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் கட்டி ஜட்கா வண்டியில் ஏற்றினோம். ஏப்ரல் வெயிலில் வழியெல்லாம் ஒழுகியது. பாய் கடையில் வேறு கட்டி இல்லை. காக்ஸ் டவுனில் பெரியப்பா வீட்டில் பெரியம்மா சாக்கை அவிழ்த்தார். உள்ளே கைப்பிடி ஐஸ், உப்புத் தண்ணீர், நான் எடுக்க மறந்த ஒரு கண்ணாடிக் குழாய்.

"இது என்னம்மா?"

"பாக்டீரியா, பெரியம்மா."

முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலமே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. மறுநாள் ஜோசப் அண்ணன் வந்து ஈரமண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருஷக்கணக்கில் கேட்கவில்லை.

பெரியம்மா போன அன்று, சாவு வீட்டில் நான் நுழைந்ததும் ஜோசப் அண்ணன் எழுந்தார். "சாமுவேல், ஐஸ் நானே போய் வாங்கிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் இவளை உள்ள வெச்சுப் பூட்டு."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது கண்மூடினால், பாதிரியாருக்குச் சொல்லும் முன் கேட்பது, "எஸ்தர் எங்கே இருக்கா?"