மௌனத்தைப் பதிவு செய்தவள்

கேள்வி அம்மாவிடம் போயிற்று. பதில் மறுபடியும் ஐயாவிடமிருந்து வந்தது.

"அந்த விருந்தா! அதை ஏன் கேக்கறீங்க. ரெண்டு நாட்டு மந்திரிகளும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்க மாட்டாங்க. யாருக்குப் பக்கத்துல யாரை உக்கார வைக்கிறதுன்னு நான் பட்ட பாடு..."

ஆராய்ச்சி மாணவி ரெக்கார்டரை நிறுத்தினாள். செய்தது பெண்டாட்டி, பட்ட பாடு மட்டும் இவருக்கு.

எல்லை ஒப்பந்தத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் வந்துவிட்டன. எல்லாம் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி. அதற்கு முந்தைய நாள் விருந்து வைத்து அவர்களைப் பேச வைத்த ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவளுடைய பெண்ணிய ஆய்வு அங்கேதான் தொடங்கியது: தூதர்களின் வாழ்க்கைத் துணைகள் சம்பளமில்லாமல் பார்த்த வேலை. கேட்ட இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். இது கடைசி வீடு.

"அங்கேயும் ஒண்ணும் தேறலைன்னா அந்த அத்தியாயத்தைத் தூக்கிடும்மா" என்று நெறியாளர் சொல்லியிருந்தார். அதைத் தூக்கினால் ஆய்வில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

"சார், ஒரு காப்பி கிடைக்குமா?" என்றாள்.

ஐயா சந்தோஷமாக எழுந்து போனார். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மேஜை விரிப்பைக்கூட மூணு தடவை மாத்தினேன்!"

அவள் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்கம்மா. அந்த விருந்துக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும்?"

"அவர்தான் சொல்லணும்."

பேசுவதற்கும் உத்தரவு வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டாள்.

"காப்பிக்குச் சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லலாமா? டப்பா எங்க இருக்கும்?"

"தெரியலையேம்மா."

தன் சமையலறையிலேயே அந்நியமானவள். பேனா பறந்தது.

ஆய்வாளர் மேலே, மற்றவர் கீழே என்ற ஏற்றத்தாழ்வு கூடாது என்பது அவள் படித்த பாடம். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவும் மரியாதைக்காக முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியதில் வலி வந்ததே தவிர வார்த்தை வரவில்லை.

"அந்த மந்திரிங்க உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

"அது வெளியே சொல்றதுக்கில்லை."

"யாரு சொல்லக்கூடாதுன்னாங்க?"

"மேலிடத்துல."

மாணவி சமையலறைக் கதவை முறைத்தாள்.

தன் கதையைச் சொன்னால் எதிராளியும் மனம் திறப்பார் என்பது இன்னொரு பாடம். மாமியாரில் ஆரம்பித்தாள். அம்மா இடையிடையே ஒரு "அப்படியா", ஒரு "அப்புறம்" போட்டாள். காப்பி வந்து, ஆறி, ஏடு கட்டியபோது மாணவியின் மாமியார், நாத்தனார், நெறியாளர், நின்றுபோகவிருக்கும் உதவித்தொகை எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. அம்மாவைப் பற்றி மாணவிக்குக் கிடைத்தது முழங்கால் வலி ஒன்றுதான்.

ஐயா கதவோரம் நின்று தொண்டையைக் கனைத்தார். "நான் ஒரு வார்த்தை..."

"சார், தயவுசெஞ்சு. இத்தனை வருஷம் நீங்க பேசினது போதும்."

அவர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

படியில் இறங்கும்போதே மாணவி நெறியாளரை அழைத்தாள். "கிடைச்சிருச்சு மேடம். அவங்க ஒண்ணுமே பேசலை. அந்த மௌனம்தான் அத்தியாயமே!"

கீழ்ப்படியில், கையில் பைகளோடு மூச்சிரைக்க ஒரு பெண் ஏறி வந்தாள். சந்திப்புக்கு ஏற்பாடு செய்துகொடுத்த மகள்.

"நீங்கதானே அது? என்ன, அப்பா நல்லாப் பேசினாரா?"

"விட்டாப் பேசிட்டே இருப்பாரு. ஒருவழியா வாயை அடைச்சுட்டேன்."

மகள் பைகளைக் கீழே வைத்தாள்.

"அய்யய்யோ, அம்மா தூதரா நாடு நாடாப் போனப்பல்லாம் கூடவே போய் வீட்டைப் பாத்துக்கிட்ட கதையை, முதல் தடவையா ஒருத்தங்க கேக்க வர்றாங்கன்னு காலையிலேருந்து சட்டை மாத்திட்டே இருந்தாரே!"