பிரீமியத்தில் வந்த முட்டை

ஒரு காட்டில் ஓடுபாதை போடுவதற்காக நூற்று நாற்பது மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அந்த இடத்துக்குப் 'பசுமை விமான நிலையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீடு இழந்த பறவைகளுக்கு முதல் பயணத்தில் ஒரு பழச்சாறு இலவசம்.

அந்த விமான நிலையத்துக்கு ஒருநாள் காலையில் தெய்வானை என்கிற வாத்து ஒரு முட்டையோடு வந்தாள். வாத்துதானே, பறந்து போக வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் எல்லாக் காட்டிலும் உண்டு. அவர்கள் ஒரே ஒருமுறை முட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சூடு ஆறாமல், கீழேயும் போடாமல் நான்கு மலைகளைத் தாண்டிவிட்டு வந்து பேசட்டும். அவளுடைய கூட்டம் மூன்று வாரத்துக்கு முன்பே வடக்கு ஏரிக்குப் பறந்துவிட்டது. கணவன் சிங்காரவேலுவும் போய்விட்டான். "நான் முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முட்டையை யார் அடைகாப்பது என்ற விவாதம் அந்த வீட்டில் நடக்கவே இல்லை. நடந்திருந்தால் தெய்வானைதான் ஜெயித்திருப்பாள், அதனால்தான் நடக்கவில்லை.

இப்போது அவள் தங்கியிருந்த தெற்குக் குளம் வற்றிவிட்டது. இன்று அடைகாத்த இருபத்தெட்டாவது நாள். முட்டை உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்திருந்தது.

வாத்துக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு கண்ணைத் திறந்ததும் முதலில் எதைப் பார்க்கிறதோ, அதுதான் அதற்கு அம்மா. பிறகு எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் மாறாது. மேல்முறையீடு கிடையாது. ஆகவே தெய்வானைக்கு அன்று ஒரே வேலைதான். முட்டை உடையும்போது அதன் முன்னால் அவள் முகம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் வடக்கு ஏரிக்குப் பிரீமியம் வகுப்பில் டிக்கெட் எடுத்திருந்தாள். அகலமான இருக்கை, கம்பளி, கதகதப்பு, தொந்தரவில்லாத நான்கு மணி நேரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

கவுண்டரில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. முட்டையைப் பார்த்தது. கணினியைப் பார்த்தது.

"இது என்னன்னு போட?"

"என் பிள்ளை."

"பிள்ளைன்னு போட்டா பிறந்த தேதி கேக்குது."

"இன்னும் பிறக்கலை."

"அப்ப பிள்ளை இல்லை. சாப்பாடுன்னு போட்டுடவா?"

"போட்டுப் பாருங்க."

ஆமை அவளுடைய அலகைப் பார்த்தது. கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, "கைப்பைன்னு போட்டுடறேன்" என்றது. முட்டையின் மேல் 'கைப்பை, முன்னுரிமை' என்று ஒரு சிவப்பு அட்டையை ஒட்டியது.

விமானத்தில் தெய்வானைக்கு முதல் வரிசை. வாசலில் ஒரு பெண்மயில் வரவேற்றாள். விமானப் பணி முழுக்கப் பெண்மயில்களுடையது. தோகை வைத்த ஆண்மயில்கள் விளம்பரப் படத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போவார்கள். மயில் சிரித்தபடி, "வணக்கம் தெய்வானை மேடம்" என்று பெயர் சொல்லி அழைத்து, சூடான துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். அது எதற்கு என்று தெய்வானைக்குத் தெரியவில்லை. முட்டையைச் சுற்றி வைத்தாள். அந்தப் பயணத்தில் பிரீமியம் வகுப்பால் அவளுக்குக் கிடைத்த உருப்படியான பலன் அது ஒன்றுதான்.

பக்கத்து இருக்கையில் நல்லதம்பி என்கிற நரி இருந்தார். காண்ட்ராக்டர். அந்த நூற்று நாற்பது மரங்களை வெட்டியவர் அவர்தான். சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேலே இருக்கும் அறையில் ஏற்றிவிட்டு, அதைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஸ்மார்ட் பெட்டி. பூட்டுல பச்சை லைட் இருக்கு பாருங்க, எப்பவும் மினுக்கும். பக்கத்துல சத்தம் கேட்டா 'கீ'ன்னு பதில் குடுக்கும். நான் தூரமாப் போயிட்டா அழும். வீட்டுல இருக்கறவங்களைவிட இதைத்தான் நம்பறேன். கூடப் பிறந்தது மாதிரி."

பிறகு முட்டையைப் பார்த்தார். நாக்கு ஒருமுறை வெளியே வந்துவிட்டுப் போனது.

"தங்கச்சி எங்கேயாவது எழுந்து போறதா இருந்தா போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"நாலு மணி நேரமும் எழுந்திருக்கறதா இல்லை சார்."

"சாருன்னு ஏன் பிரிச்சுப் பேசறீங்க? அண்ணன்னு நெனச்சுக்குங்க" என்றார் நரி. மயில் சாப்பாடு கேட்டு வந்தபோது ஆம்லெட் சொன்னார்.

விமானம் கிளம்பும் நேரத்தில் மயில் மறுபடியும் வந்தாள்.

"மேடம், கைப்பையை மேலே வைக்கணும்."

"மடியிலேயே இருக்கட்டுமே."

"மடியில வைக்கக் கூடாது மேடம். கைப்பை முன் சீட்டுக்கு அடியில இருக்கணும். உங்களுக்கு முன்னாடி சீட்டே இல்லை. முதல் வரிசை. அதனால மேலேதான்."

"பின்னாடி இருக்கறவங்க?"

"எகானமில எல்லாருக்கும் முன்னாடி சீட் இருக்கும் மேடம். அவங்க காலடியிலேயே வச்சுக்கலாம்."

தெய்வானை கழுத்தை நீட்டித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பதினேழாவது வரிசையில் பேச்சியம்மா என்கிற கோழி பன்னிரண்டு முட்டைகள் கொண்ட கூடையை முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன்மேல் இரண்டு காலையும் வைத்து அடைகாத்துக்கொண்டே கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். கால் நீட்ட நிறைய இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்குக் காலடியில் ஒன்றும் வைக்க முடியாது. இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

கிளம்பும்போது பத்து நிமிடம்தான். முட்டை மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. தெய்வானை அதைக் கம்பளியில் சுற்றி, மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். நரி இரண்டாவது ஆம்லெட் சாப்பிட்டார். விமானம் இறங்க ஆரம்பித்தபோது முட்டையில் ஒரு விரிசல் விழுந்து, அதன் வழியாக ஒரு சின்ன அலகு நுனி வெளியே எட்டிப் பார்த்தது.

அதே நிமிடம் மயில் வந்து நின்றாள். "மேடம், கைப்பை."

"இது இனிமே கைப்பை இல்லை. அலகு வந்தாச்சு. குழந்தை. குழந்தையை மடியில வச்சுக்கலாம்னு உங்க பாதுகாப்பு அட்டையிலேயே படம் போட்டிருக்கு."

"குழந்தைன்னா அனுமதி இல்லை மேடம். பிறந்து ஏழு நாள் ஆகாத குழந்தையை விமானத்துல ஏத்த மாட்டோம். இறக்கிவிட்டுடணும்."

"எங்கே இறக்குவீங்க? கீழே முப்பதாயிரம் அடி."

"அதனாலதான் கைப்பைன்னே வச்சுக்கலாம்னு சொல்றேன். உங்க நன்மைக்குத்தான் மேடம்."

"பாதி அலகு வெளியில இருக்கறதைக் கண்ணால பாத்துக்கிட்டே கைப்பைன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை மேடம். ஒட்டியிருக்கற அட்டை சொல்லுது."

திரைக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. "ஏ தாயி, எதுக்கு அவகிட்ட மல்லுக்கட்டற? இங்க வந்து உக்காரு. பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கு. அடியில நல்லா இடம் இருக்கு."

தெய்வானை எழுந்தாள். மயில் திரையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"போக முடியாது மேடம். எகானமிலேர்ந்து பிரீமியத்துக்கு வர விண்ணப்பம் இருக்கு. பிரீமியத்துலேர்ந்து எகானமிக்குப் போக விண்ணப்பமே இல்லை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"நான் கேக்கறேன்."

"படிவம் அச்சடிச்சு வரணும் மேடம். மேடம் உக்காரலைன்னா விமானம் இறங்காது. எரிபொருள் இன்னும் இருபது நிமிஷத்துக்குத்தான். பின்னாடி பன்னிரண்டு முட்டை இருக்கு."

தெய்வானையால் எதற்கும் பதில் சொல்ல முடியும். அந்தப் பன்னிரண்டுக்குச் சொல்ல முடியவில்லை.

"அப்ப எங்கிட்டக் குடுத்து அனுப்பு, தாயி" என்றாள் பேச்சியம்மா. "எறங்கினதும் வாங்கிக்க."

"கண்ணைத் திறந்து உங்களைப் பாத்துருச்சுன்னா, அக்கா?"

பேச்சியம்மா நேர்மையான கோழி. "பாக்கத்தான் செய்யும். எனக்குப் பதிமூணாவதா ஆயிரும்."

"மேலே கும்மிருட்டு மேடம். கண்ணைத் திறந்தாலும் ஒண்ணும் தெரியாது" என்றாள் மயில்.

அந்த ஒரு வாதத்தில்தான் தெய்வானை விழுந்தாள். இருட்டில் கண் திறந்தால் ஒன்றையும் பார்க்காது. சக்கரம் தரையைத் தொட்டதும் கதவைத் திறந்து முகத்தைக் காட்டிவிடலாம். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. முட்டையைக் கம்பளியோடு மேலே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

விமானம் இறங்கி நிற்பதற்குள் எழுந்து, கதவைத் திறந்து, கழுத்தை உள்ளே நுழைத்தாள்.

ஓடு இரண்டாகக் கிடந்தது. ஈர இறகோடு ஒரு குஞ்சு நரியின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் பூட்டில் பச்சை விளக்கு மினுக்கியது. குஞ்சு "கீ" என்றது. பெட்டி "கீ" என்றது.

"கண்ணு, இங்க பாரு, அம்மா" என்றாள் தெய்வானை.

குஞ்சு அவளை ஒருமுறை பார்த்தது. "அம்மா தூங்கறா. சத்தம் போடாதீங்க" என்றது.

நரி பெட்டியை இறக்கி இழுத்துக்கொண்டு நடந்தார். பெட்டியின் பின்னால் குஞ்சு நடந்தது. குஞ்சின் பின்னால் தெய்வானை நடந்தாள். படிக்கட்டுக்குக் கீழே வந்தபோதுதான் நரி திரும்பிப் பார்த்தார். அவர் ஆயுளில் எத்தனையோ சாப்பாட்டைத் துரத்தியிருக்கிறார். ஒரு சாப்பாடு தானாக அவரைப் பின்தொடர்ந்து வருவது இதுதான் முதல் தடவை. பல்லெல்லாம் தெரிய, "கொஞ்சம் நடக்க விடுவோம். பசி எடுக்கட்டும்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

நிலையத்துக்குப் போகப் பேருந்து வந்தது. பிரீமியம் பயணிகளை முதலில் ஏற்றினார்கள். முதலில் ஏறியதால் அவர்கள் உள்மூலைக்குத் தள்ளப்பட்டார்கள். உள்மூலையில் நின்றதால் கடைசியில்தான் இறங்க முடியும். இதற்குப் பெயர் முன்னுரிமை. நரி மூலையில் மாட்டிக்கொண்டார். அவருக்கும் கதவுக்கும் நடுவே எகானமியே நின்றது.

தெய்வானை தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணே, இந்தப் பெட்டி உங்களுக்கு என்ன வேணும்?"

"என்ன வேணும்னா? என் பெட்டி."

"கூடப் பிறந்தது மாதிரின்னு சொன்னீங்க."

"பேச்சுக்குச் சொல்றதுதான்."

"என்னைத் தங்கச்சின்னு சொன்னீங்க."

"அதுவும் பேச்சுக்குத்தான்."

"சரி. இவளுக்குப் பெட்டிதான் அம்மா. பெட்டி உங்க கூடப் பிறந்தது. அப்ப நீங்க தாய்மாமன். இல்லை, நான்தான் அம்மான்னு வச்சுக்கிட்டாலும் நான் உங்க தங்கச்சி. அப்பவும் நீங்கதான் தாய்மாமன். மூணாவது வழி இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

நரி யோசித்தார். மூன்றாவது வழி இல்லை. அந்தக் காட்டில் நரிகள் எதையும் தின்னும். கூடப் பிறந்தவள் பிள்ளையைத் தின்றதாக மட்டும் இதுவரை பேச்சே இல்லை.

கதவோரம் நின்ற பேச்சியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். "யாரு, மாமனா வந்திருக்காக? சொல்லவே இல்லையே. பச்ச உடம்பு பிள்ள தரையில நிக்குது, தூக்கி மடியில வைங்க மாமா."

"இல்லம்மா, இதுல ஒரு சின்ன..."

"காதுகுத்து எப்ப?" என்று ஓர் ஆடு கேட்டது.

"வாத்துக்கு ஏதும்மா காது?" என்றார் நரி.

"இறகுக்கு உள்ளாற இருக்கும். மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தான் தேடணும்" என்றாள் பேச்சியம்மா. "மொட்டை, காதுகுத்து, சடங்கு, கல்யாணம். எல்லாத்துக்கும் நீங்கதான் முன்னால நிக்கணும். பிரீமியத்துல வர்ற மாமன், சீரும் அதுக்கேத்த மாதிரி இருக்குமில்ல. நாங்க இத்தன பேரு சாட்சி."

ஒரு குரங்கு அதற்குள் அவரோடு சேர்த்துக் குஞ்சைப் படம் எடுத்துவிட்டது. நரியின் வாயில் ஊறியிருந்த எச்சில் வற்றிப்போனது. மரம் வெட்டியதற்கு எதிராக வந்த ஏழு மனுக்களை அவர் சமாளித்திருக்கிறார். சொந்தக்காரர்களைச் சமாளிக்க அவருக்குத் தெம்பில்லை. கதவு திறந்ததுதான் தாமதம், ஆட்டின் முதுகில் ஒரு கால், குரங்கின் தோளில் ஒரு கால் வைத்துத் தாவி, பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

பேருந்து காலியானது. தெய்வானையும் குஞ்சும் பெட்டியும் மிஞ்சினார்கள்.

நரி தூரமாகப் போகப் போகப் பெட்டி அழ ஆரம்பித்தது. அம்மா அழுகிறாளே என்று குஞ்சு அழுதது. தெய்வானை இரண்டையும் பார்த்து அழுதாள். இருபத்தெட்டு நாள் அசையாமல் உட்கார்ந்தவள் அவள். ஒரு பூட்டு இருபது நிமிடத்தில் ஜெயித்துவிட்டது.

பிறகு மூக்கைச் சிறகில் துடைத்துக்கொண்டு, பூட்டை அலகால் கொத்திப் பிடுங்கி எறிந்தாள். அழுகை நின்றது. ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த டெண்டர் தாள்களை எல்லாம் வெளியே தள்ளினாள். தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கீ" என்றாள்.

குஞ்சு அண்ணாந்து பார்த்தது. பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தது. முகம் மலர்ந்தது.

"அம்மாவுக்குத் தலை முளைச்சிருச்சு" என்றது.

வெளியே சிங்காரவேலு நாணல் மாலையோடு காத்திருந்தான். பேருந்துக்காரர் அவன் முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் பெட்டியையும், அதிலிருந்து நீண்ட கழுத்தையும், சக்கரத்தில் சாய்ந்து நின்ற குஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன தெய்வானை, பெட்டிக்குள்ள என்ன பண்றே?"

"பிள்ளை வளக்கறேன். இழுங்க."

நீதி: தாய்க்கு ஈடாக இந்த உலகத்தில் எதுவும் இல்லை, சக்கரம் வைத்த பெட்டியைத் தவிர.