பதினெட்டு மாடிக்கு ஒரு வாகை

மரங்களைப் பார்க்க நாளைக் காலை நேரிலேயே வருவதாகச் சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, எட்வின் கட்டிலில் சொகுசாகப் படுத்திருந்தான். பேசி முடித்ததும் விறுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். பார்ப்பதற்கு அங்கே மரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் அந்தக் கம்பெனி வாங்கிப் போட்ட நிலத்துக்கு எட்வின்தான் காவல். சென்னையில் அவர்களுக்குப் பதினெட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அதன் ஏசியாலும் ஜெனரேட்டராலும் காற்றில் சேரும் கரியமில வாயுவை, இங்கே நட்ட வாகைக் கன்றுகள் வளர்ந்து உறிஞ்சிவிடும் என்பது ஏற்பாடு. எட்வினுக்கு இது முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் விடிவதற்கு முன்னால் கூடலூரில் ஜீப்பைப் பிடித்து, அடுத்தவன் மடியில் உட்கார்ந்தபடி கேரளா ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போவதைவிட, மரத்துக்குக் காவல் இருப்பது எவ்வளவோ மேல் என்பது நன்றாகவே பிடிபட்டிருந்தது.

கன்றுகளை அவன் மனைவி பிலோமினாவின் ஆடுகள் தின்று தீர்த்துவிட்டன. மோட்டார் ரூம் பக்கத்தில் முள்வேலிக்குள் இருந்த ஒன்று மட்டும் தப்பி மரமானது. மாதாமாதம் அதையே ஒருமுறை கிழக்கிலிருந்தும், மறுமுறை மேற்கிலிருந்தும், இன்னொருமுறை தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டும் போட்டோ எடுத்து அனுப்பிவந்தான். சென்னையிலிருந்து கட்டைவிரல் பொம்மை வரும்.

இருந்தாலும் எட்வின் மனசாட்சி உள்ளவன். வெயில் ஏறினால் அந்தப் பதினெட்டு மாடிக்காரர்களின் நினைப்பு வந்துவிடும். நம் வீட்டு ஆடு தின்றதால் அங்கே யாருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று சோறு இறங்காது.

"ஆடு என்ன, சென்னைக்காரவுகளக் கேட்டுக்கிட்டா மேயும்?" என்பாள் பிலோமினா.

போன் வந்த அன்று சாயங்காலமே ஓடைக்கரை வாகைகளில் கிளைகளை வெட்டிவந்து வரிசையாக ஊன்றினான். பொழுது விடிந்து பார்த்தால் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன.

பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பாண்டிதான் வழி சொன்னார். "வாழையக் கொண்டாந்து நடு மாப்ள. ரெண்டு நாளைக்கு வாடாது. தார் வெட்டுன மரந்தான, சும்மா எடுத்துக்க."

டிராக்டரில் வாழை வந்து இறங்கியது. வெட்டிய வாழையை நடுவதற்குச் செல்லப்பாண்டிக்குத் தெரிந்தது ஒரே முறைதான். கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை இரண்டு பக்கமும் ஜோராக நட்டுக் கொடுத்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் வாழை நின்றால் என்ன அர்த்தம் என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஊருக்குள்ளிருந்து மொக்கம்மாள் வந்து யார் வருகிறார்கள் என்று விசாரித்தாள். அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்த எட்வின், "பெரியவக வாராக" என்று மட்டும் சொன்னான். அது தெருமுனை தாண்டுவதற்குள் மந்திரியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மொக்கம்மாள் ஆரத்தித் தட்டோடு திரும்பிவந்தாள். பின்னால் பாதி ஊரும், கோயில் பேண்டு செட்டும் வந்தன.

கார் உள்ளே நுழைந்ததும் பேண்டு முழங்கியது. அந்தச் சத்தத்தில் மிரண்ட ஆடுகள், அடைத்துவைத்த படலைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தன. வந்த இடத்தில் வாழையைப் பார்த்ததும் மிரட்சி போய்விட்டது. ஆளுக்கொரு மரத்தைப் பற்றி இழுக்க, வேரில்லாத வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கம்பெனி மேனேஜர் சூரியபிரகாஷ் நெற்றியில் ஆரத்திப் பொட்டோடு நின்று பார்த்தார். எட்வினுக்குக் கண்முன்னே கூடலூர் ஜீப் வந்து நின்றது.

மேனேஜர் திட்டவில்லை. இன்னும் சாயாத நாலு வாழையையும் அந்த ஒற்றை வாகையையும் சேர்த்து, ஆடு படத்தில் விழாத கோணத்தில் மளமளவென்று போட்டோ எடுத்தார். "பச்சையா இருந்தாச் சரிதான் எட்வின். நீங்களே தொடர்ந்து பாத்துக்குங்க" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தங்கமான மனுசரா என்று நினைத்துக்கொண்டான். பிலோமினாவுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "உங்க கட்டடத்த ஒரு போட்டோ காட்டுங்க சார், நாங்க பாத்ததேயில்ல" என்றாள்.

மேனேஜரின் முகம் ஏனோ வெளிறிப் போனது. டவர் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு, நெற்றியைக் கழுவ மோட்டார் ரூம் பக்கம் போனார்.

காருக்கு அருகில் டிரைவர் மட்டும் நின்றிருந்தார். நரைத்த மீசைக்காரர். பேச்சுக் கொடுத்ததில் சொந்த ஊர் ஆண்டிபட்டி என்று தெரிந்தது. நம்ம பக்கத்து ஆள் என்றதும் எட்வின் மனசிலிருந்த பாரத்தை இறக்கிவைத்தான்.

"அண்ணே, தப்பு எம்மேலதான். இங்கன இருக்கது ஒத்த மரம். அந்தப் பதினெட்டு மாடியில இருக்கவுககிட்ட, கொஞ்ச நாளைக்கு ஏசியக் கொறச்சு வச்சுக்கிறச் சொல்லுங்கண்ணே."

டிரைவர் மோட்டார் ரூம் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கார்க் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"யாருகிட்டத் தம்பி சொல்ல? அங்கன அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனதோட வேல நின்னு போச்சு. குழியில மழைத்தண்ணி தேங்கி, எருமதான் குளுகுளுன்னு படுத்துக் கெடக்கு."