உம்மா வாசித்த காதல் கதை

எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தாராவியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவன். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. இருபத்து நான்கு வயதில் இருந்தது. அதனால்தான் செம்பூரில் ஒரு இந்தி டிவி தொடர் கம்பெனியில், "தமிழ் நாவலெல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டபோது, "வாரத்துக்கு நாலு மேடம்" என்று அளந்துவிட்டேன். (வாய் இருக்கிறதே, வாய்!)

கல்லூரிக் காதல் நாவல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வந்து காட்சி காட்சியாகக் கதை சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் திரைக்கதை எழுதும் வேலை எனக்கு. கால்சென்டரில் இரண்டு வருடம் திட்டு வாங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

வீட்டில் தமிழ் வாசிப்பவர் உம்மா மட்டும்தான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சத்தமாக வாசித்தார். நான் குறிப்பெடுத்தேன். தங்கை நசீமா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கங்கே உம்மா இருமினார். நாலைந்து பக்கங்கள் சேர்ந்து புரண்டன. நான் கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை பிரமாதமாகச் சொன்னேன். "கடைசியில பொண்ணு டிகிரி முடிக்கிறா மேடம். பையனை வீட்டுக்கே கூட்டிட்டு வந்து அம்மாகிட்ட சம்மதம் கேக்குறா. எல்லாரும் பிரியாணி சாப்பிடுறாங்க."

மூலையில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் மெதுவாகக் கேட்டார். "தம்பி, என் நாவல்ல பன்னிரண்டாம் அத்தியாயத்துலயே ரெண்டு பேரும் ஓடிப்போயிடுறாங்களே? பிரியாணி எங்கேருந்து வந்துச்சு?"

நாவலை எழுதியவரே அவர்தான். (யா அல்லா!) லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நான்கு மாடி இறங்கி ஓடினேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். உம்மா அசரவில்லை.

"ஏலே, வயசுப்பிள்ள பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காள்லா? ஓடிப்போனாங்கன்னு என் வாயால எப்படில வாசிப்பேன்? அதான் முடிவ நானே மாத்திட்டேன்."

"என் வேலை போச்சே உம்மா!"

"போனா போவுது. வேற கிடைக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நசீமா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு பையனோடு வாசலில் வந்து நின்றாள். உம்மா வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"டிகிரி முடிச்சிட்டேன். ஓடிப்போகல. வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். நீ வாசிச்ச மாதிரியேதான் எல்லாம் செஞ்சிருக்கேன் உம்மா."

உம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு உம்மா என்னிடம், "போய் இறைச்சி வாங்கிட்டு வாலே" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மச்சானுக்குப் பெயர், 'பன்னிரண்டாம் அத்தியாயம்'.