பெர்மிட்டாரின் சிவப்பு அட்டை

நெய்வேலி நகரியத்தில் நான் குடியிருந்த காலத்தில், சுரங்கத்தின் மிக உயர்ந்த அதிகாரியைக் கண்டு நடுங்காதவர்கள் சிலர் இருந்தார்கள். பெர்மிட்டாரைக் கண்டு நடுங்காத தகப்பன் ஒருவன்கூட இல்லை. இதை எழுதுகிறவன் பட்டதாரி. பணியாளர் பிரிவில் அதிகாரியாக இருந்தவன். எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கிறவன். ஆகவே வாசகர்கள் இதை மிகையென்று தள்ளிவிட வேண்டாம்.

அவருடைய இயற்பெயர் எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர்; அடுத்த தெருவில் குடியிருந்தார். சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டுகளுக்கு எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு விதி உண்டு. பெல்ட்டில் இறங்கி வேலை பார்க்கிறவர் முதலில் பெர்மிட் என்னும் அனுமதிச் சீட்டு வாங்கி, தம் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைச் சுவிட்சில் தொங்கவிட வேண்டும். வேலையை முடித்து, தம் கையாலேயே அதைக் கழற்றும்வரை அந்தச் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. உயிர் காக்கும் விதி அது. அதை அவர் எங்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தெருவில் பதினோரு பிள்ளைகள். ஆளுக்கொரு சிவப்பு அட்டை: 'வேலை நடக்கிறது. தொடாதே.' கீழே பெயர். பள்ளிவிட்டு வந்ததும், என்னென்ன எழுத வேண்டும், எதற்கு எத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டுவிட்டு, அட்டையை வீட்டு ரேடியோவின் குமிழில் கட்டிவிட வேண்டும். கடினமான கணக்கு முதலில்; பார்த்து எழுதுவது கடைசியில். புரியாவிட்டால் அவரிடம் ஓடலாம். எல்லாவற்றையும் அவர் பார்த்து, "லைன் கிளியர்!" என்று முழங்கிய பிறகு, பிள்ளையே அட்டையை அவிழ்க்கும். இதற்கு அவர் காசும் வாங்கமாட்டார், காப்பியும் குடிக்கமாட்டார். அதனால் அவரை நிறுத்தவும் வழியில்லை.

அவருக்கு மாலையில் வேலையிருக்கும் இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் தணிக்கை மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத்தான்; அதுவரை ரேடியோ வாய் திறக்காது. அந்த வாரங்களில் உலகத்தில் எந்த ஆட்சி கவிழ்ந்தாலும் எங்கள் தெருவுக்குத் தெரியாது.

எதிர் வீட்டு என்ஜினீயரின் மனைவி ஒருநாள் சமையல் குறிப்புக் கேட்கும் ஆசையில் அட்டையை அவிழ்த்துவிட்டார். பெர்மிட்டார் வாசலிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"அட்டைய யாரும்மா அவுத்தது?"

"அஞ்சே நிமிஷந்தாங்க... ரவா கேக்கு சொன்னாங்க..."

"உள்ள உங்க புள்ள வகுத்தல் கணக்குல மாட்டிக்கினு கெடக்கறான். நீங்க பெல்ட்ட ஓட்டிட்டீங்க. கேக்கு முக்கியமா, புள்ள முக்கியமா?"

அந்த அம்மையார் பத்து நாள் கேட்டைத் தாண்டவில்லை. ரவா கேக்கும் செய்யவில்லை.

என் அச்சம் மற்றவர்களுடையதைவிடப் பெரிது. பெர்மிட் விதியை மீறும் தொழிலாளர்களிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்புவது என்னுடைய அலுவல். 'இச்செயல் மன்னிக்கத் தக்கதன்று' என்ற வாக்கியத்தை நான் எழுதாத வாரம் கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டில் அட்டை அவிழ்ந்தது என்று வெளியே தெரிந்தால், மறுநாள் காலை ஷிப்ட் பஸ்ஸில் என் பெயர் என்ன பாடுபடும்?

ஆயினும் அது நடந்தது. சனிக்கிழமை, எனக்கு அரை நாள். சென்னையில் டெஸ்ட் கிரிக்கெட் பந்தயம். மனைவி மந்தாரக்குப்பத்துக் கடைக்குப் போயிருந்தாள். எட்டாம் வகுப்பில் படித்த என் மகள் மல்லிகா, பின்பக்கம் பலாமரத்தடியில் அல்ஜீப்ராவோடு போராடிக்கொண்டிருந்தாள். அரையாண்டுத் தேர்வில் அதில் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கியவள், பெர்மிட்டார் கைப்பட்டு அப்போதுதான் தலையெடுத்து வந்தாள்.

நான் அட்டையை அவிழ்த்தேன். காதை ரேடியோவில் ஒட்டவைத்துப் பத்து நிமிடம் வர்ணனை கேட்டேன். வெளியே ஒரு சைக்கிள் மணி ஒலித்தது. பெர்மிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். பால்காரர்தான். ஆயினும் ரேடியோவை அணைத்து, அட்டையைப் பழையபடி கட்டிவிட்டு, அலுவலகக் கோப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குப் பெர்மிட்டார் வந்தார். சனிக்கிழமைத் தணிக்கையில் எல்லாப் பிள்ளைகளும் அவர் பின்னால் வரிசையாக வருவது வழக்கம். கேட்டுக்கு வெளியே அவர்களுடைய தாய்மார்கள். அவர்களுக்கு முன்னால் என்ஜினீயரின் மனைவி.

மல்லிகாவின் நோட்டைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு ரேடியோவின் அருகே குனிந்தார், குனிந்தபடியே இருந்தார்.

"பாப்பா, இத யாரு அவுத்தது?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன்.

"நான்தான் மாமா."

"நீயா? அப்ப சரி. மூணு வாரத்துக்கு நோட்டத் தூக்கிக்கினு எங்கிட்ட வராத."

முழு ஆண்டுத் தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அவள் அழவில்லை, நோட்டை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடம் நான் சேர்த்துவைத்த மரியாதை ஒரு பக்கம், அந்த நோட்டு ஒரு பக்கம். எழுந்து நின்றேன்.

"அவள் இல்லை. நான்தான் அவிழ்த்தேன்."

"ஐயோ, ஆபீசர் மாமாவா!" என்று வரிசையில் ஒரு குரல் கூவியது.

பெர்மிட்டார் வியக்கவில்லை. "தெரியுமுங்க சார். பாப்பா சுருக்கு முடிச்சு போடும். இது பைல் கட்டற முடிச்சு."

இருபது வருடப் பழக்கம். கை தன் போக்கில் கோப்பு நாடா முடிச்சைப் போட்டிருந்தது.

"எத்தினி மணிக்கு அவுத்தீங்க?"

"மூன்று பத்துக்கு."

"எத்தினி நேரம் ஓட்னீங்க?"

"பத்து நிமிடம்."

"வேல முடிஞ்சிதான்னு பாப்பாவக் கேட்டீங்களா?"

"இல்லை."

கேள்வி பதிலை அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். கையொப்பமிட்டேன். அது என் கையொப்பம் போலவே இல்லை. என்ஜினீயரின் மனைவி முகத்தில் பத்து நாள் துயரமும் ஒரு நொடியில் தீர்ந்தது.

"பாப்பா, நாளிக்கு வழக்கம்போல வா. மத்தவங்க அவங்கவங்க வூட்டுக்குப் போங்க. என்கொயரி முடிஞ்சிது."

கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் போகவில்லை. கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் அருகே வந்தார். இன்னும் ஏதோ தண்டனை மீதியிருக்கிறது என்று எண்ணிப் பேனாவை மறுபடி திறந்தேன்.

"சார்... ஸ்கோர் என்னங்க?"

"ஏன், உங்கள் வீட்டில் ரேடியோ இல்லையா?"

"கீதுங்க. அதுலயும் பதினோரு அட்ட தொங்குது. அத்தினி பேரும் முடிச்சாத்தான் நான் திருப்புவேன். தெனம் எவனாவது ஒருத்தன் மிச்சம் வெச்சிடறான். ரெண்டு வருசமா ஒரு மேட்ச்சும் கேக்கல."

என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். முதல்முறையாக எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்; கடையிலிருந்து திரும்பிய மனைவி கொடுத்த காப்பியையும் மறுக்கவில்லை. நான் கேட்டது பத்து நிமிட ஆட்டம்தான். அதை அவருக்குச் சொல்லி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.