டப்பாவில் போட்ட கோடு

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு,

என் சத்துமாவைத் தின்றது நீங்கள்தான். நான் நலம். சின்னம்மா வீட்டில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இரண்டு டப்பா உள்ளே போயிருக்கிறதே. போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

காசநோய் மாத்திரையோடு அந்த டப்பாவைக் கொடுத்தபோதே நர்ஸம்மா தெளிவாகச் சொன்னார், நோயாளிக்கு மட்டும் என்று. ஐந்து பேர் அரைவயிறாகப் படுக்கிற வீட்டுக்குள் ஒரு டப்பாவை அனுப்பி, அதன்மேல் அப்படிச் சீட்டு ஒட்டியும் வைத்த அறிவாளி யாரோ, அது வேறு சண்டை. மாவு மளமளவென்று இறங்குகிறதே என்று டப்பாவின் வெளியே பேனாவால் கோடு போட்டேன். நீங்கள் கோட்டை மீறவில்லை மாமா, மெச்சுகிறேன். எடுத்த அளவுக்குக் கோதுமை மாவைக் கொட்டி, கோடு வரைக்கும் நிரப்பி வைத்தீர்கள். பதினைந்து நாள் அதைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, "இந்தத் தடவ ருசி மாத்திட்டாங்கம்மா, நல்லாருக்கு" என்றேன்.

மாதம் பிறந்து எடை பார்த்தால் முந்நூறு கிராம் குறைவு. "ஏம்ப்பா, பவுடரக் குடிக்கிறியா, மூஞ்சில பூசுறியா?" என்றார் நர்ஸம்மா. வரிசையே சிரித்தது. பட்டறை மேஸ்திரியோ, "காத்தடிச்சா பறந்துடுவ, அம்பது கிலோ ஆயிட்டு வா" என்கிறார். இந்த உடம்பு கரைந்ததே அவர் பட்டறைத் தூசியில்தான் என்று யார் சொல்வது? நான் வைத்திருந்த சுத்தியலையும் ஆணியையும்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை. கேட்டால், "டப்பா தொறக்கல மாப்ள." திருகு மூடிக்கு எதற்கு ஆணி? வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, "நான் இரும்புடா" என்று டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். இரும்புக்கு எதற்குச் சத்துமாவு? இதைக் கேட்டதற்குத்தான் அன்று, "ஒரு வாய் மாவுக்கா இந்தப் பேச்சு" என்று இருமிக்கொண்டே பையைத் தூக்கினீர்கள்.

இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். சின்னம்மாவுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு என் சார்பில் ஆளுக்கொரு முத்தம் கொடுங்கள். அந்த வீட்டு டப்பாக்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
நாற்பத்தாறு கிலோ எழுநூறு கிராம் எடையுள்ள
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது, நீங்கள் விட்டுவிட்டுப் போன பெல்ட்டை அம்மா கொண்டுவந்து மேலே போட்டாள். கடையில் வாங்கியபோது இருந்த ஓட்டை ஐந்து. ஆணி வைத்து அடித்தது மூன்று. மூன்றும் இடுப்பை இறுக்கும் பக்கம். இரண்டு டப்பா தின்றும் இளைத்திருக்கிறீர்கள். பெல்ட்டோடு நர்ஸம்மாவிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. "இருமுறாரா? உடனே கூட்டிட்டு வா" என்றார்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முத்தம் வேண்டாம், குழந்தைகளிடமிருந்து தள்ளிப் படுங்கள். புது டப்பா வந்திருக்கிறது, கோடு போடவில்லை. திங்கட்கிழமை காலை சளிப் பரிசோதனை, நான் வாசலிலேயே நிற்பேன். எத்தனை மணி பஸ்ஸில் வருகிறீர்கள்? போனை எடுத்துச் சொல்லுங்கள் மாமா.