கண்ணை மூடிக் கை தூக்கியவர்

இந்த ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கியே தீருவது என்று ஆதிமூலம் முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்த முடிவு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தக் கையை யார் கண்ணிலும் படாமல் தூக்க வழி தேட ஆரம்பித்துவிட்டார்.

அடிக்கத் தூக்கும் கை இல்லை. ஓட்டுப் போடத் தூக்கும் கை. இசையமைப்பாளர் கார்முகிலுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. புதுச்சேரியில் ஒரு கச்சேரி செய்யப்போகிறார். இனி இந்தப் பக்கம் வருவது சந்தேகம். ஆயிரக்கணக்கில் பாட்டுப் போட்ட மனுஷன் எதைப் பாடுவார், எதை விடுவார்? ஏதாவது ஒரு காலத்துப் பாட்டுகளை மட்டும் பாடுகிறேன், எந்தக் காலம் என்று ரசிகர்களே சொல்லட்டும் என்று அறிவித்துவிட்டார். அன்றோடு ரசிகர்களின் ஒற்றுமை போயிற்று.

கார்முகில் ரசிகர்கள் மூன்று கட்சி. ஆரம்பத்தில் தவிலும் பம்பையும் உடுக்கையுமாக இடி இடிக்க வைத்தாரே, அது மேளக் காலம். ஒவ்வொரு பாட்டும் அனுமார் வால் நீளம். பல்லவி முடிவதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். பிறகு ஜப்பான் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு டிங் டிங் டிஸ்க் என்று தட்டியது கீபோர்டு காலம். அந்தப் பாட்டெல்லாம் சட்டென்று முடிந்துவிடும். கடைசியில் தாடி வளர்த்து, மூச்சு விடுகிற சத்தத்தையே பாட்டாக்கியது புல்லாங்குழல் காலம். அதற்கு ஆதிமூலம் இருக்கும் பாகூர் கொம்யூனில், அத்தனை ஊரையும் சேர்த்து, ரசிகர் இரண்டே பேர். இருவருக்கும் தூக்கம் வராத வியாதி.

வில்லியனூர் ரசிகர் பேரவை மேளத்துக்குக் கை காட்டிவிட்டது. நெட்டப்பாக்கம் பேரவை கீபோர்டுக்கு. இனிப் பாகூர் சொல்வதுதான் முடிவு. பாகூரில் விசாரித்த வகையில் கீபோர்டுக்கு ஒரே ஒரு கை கூடுதல். அந்தக் கூடுதல் கை ஆதிமூலத்தின் கை. அது மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டால் மேளம் ஜெயித்துவிடும். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தத் தவிலை நேரில் உட்கார்ந்து கேட்டுவிடலாம்.

ஏனென்றால் ஆதிமூலத்துக்குப் பிடித்தது மேளக் காலம். ஊருக்குத் தெரிந்தது கீபோர்டு காலம். வீட்டுக்குத் தெரிந்ததும் அதுதான். அங்கேதான் சிக்கல்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் பண்டசோழநல்லூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். காபித் தம்ளரை நீட்டிய தனக்கொடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்களுக்கு கார்முகில்ல எந்தக் காலம் புடிக்கும்? எனக்கு கீபோர்டு." ஆதிமூலம் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்காக எந்தக் காலத்தையும் விட்டுக் கொடுக்கலாம் போலிருந்தது. "கீபோர்டுதான்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மேளம்னா எனக்குக் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி" என்று கூடுதலாக வேறு சொல்லிவைத்தார்.

கல்யாணமான நாள் முதல் விடிந்தால் வீட்டில் டிங் டிங் டிஸ்க். உட்கார்ந்து கேட்கவும் முடியாது, எழுந்து நிறுத்தவும் முடியாது. "மாட்டைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். சாணி வாருவார். பால் கறப்பார். தண்ணீர் பிடித்து ரொப்புவார். பாட்டு நிற்கும் வரைக்கும் வேலையைத் தேடித் தேடிச் செய்வார். கொம்யூனிலேயே இப்படி ஒரு புருஷன் கிடையாது என்று ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மேளம் கேட்பதெல்லாம் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டாயில், கதவைச் சாத்திக்கொண்டு. அதிலும் ஓர் அதிர்ஷ்டம். தோட்டத்து வரப்பில் கால் வைத்தாலே தனக்கொடிக்கு இருமல் வந்துவிடும். சோற்றுத் தூக்கோடு அவள் இருமிக்கொண்டே வந்து சேருவதற்குள் செல்போனை அணைத்துவிடலாம். ஆனாலும் கட்டியவளாயிற்றே, அவருக்குக் கவலைதான். ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் படம் எடுத்தார். படத்தில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பேரவைத் தலைவர் சாமிநாதனின் ரைஸ்மில்லுக்குப் போனார் ஆதிமூலம்.

"தலைவரே, நாளைக்கு எல்லார் எதிர்லயும் கை தூக்கினா சண்டை வரும். கண்ணை மூடிக்கினு தூக்கச் சொல்லுங்க. நீங்க மட்டும் பார்த்து எண்ணுங்க."

"இன்னாப்பா இது, ஜெபக் கூட்டமா?"

"அண்ணன் தம்பிக்குள்ள பகை வந்துடக் கூடாது பாருங்க."

"உனுக்கு இன்னாப்பா பயம்? நீ கீபோர்டுன்னு ஊருக்கே தெரியுமே."

"எனக்கு இன்னா பயம்? மத்தவங்களுக்காகச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தால் தனக்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா மாமா, மூஞ்செல்லாம் வேர்க்குது?"

"வெயில்."

"வெளிய தூறுது மாமா."

"இது உள் வெயில்."

"நாளைக்குக் கண்ண மூடிக்கினு கை தூக்கணுமாமே. தலைவரு பொண்டாட்டி போன் பண்ணுச்சி. எவன் கண்டுபுடிச்சான் இத?"

"எவனோ."

"நல்ல மூளக்காரன்."

ஆதிமூலத்துக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரைஸ்மில் களத்தில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சாமிநாதன் மைக்கைத் தட்டினார். "எல்லாரும் கண்ண மூடுங்க. தொறந்தா ஓட்டு செல்லாது." ஆதிமூலம் காது வலிக்கிற அளவுக்கு இறுக்கி மூடிக்கொண்டார்.

"மேளக் காலம்! தூக்குங்க!"

தூக்கினார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை உண்மை பேசியது. தலையிலிருந்து ஒரு கட்டுக் கரும்பை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மூடிய கண்ணுக்குள் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போது எண்ணும் குரல் கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அது சாமிநாதன் குரல் இல்லை. தினமும் விடிகாலையில் அவரை எழுப்புகிற குரல்.

"நல்லா எண்ணும்மா தங்கச்சி" என்றார் சாமிநாதன். "என் கண்ணாடிய வூட்லயே மறந்துட்டேன். எது கை, எது தலைன்னு தெரில. நல்லவேளை, நீயே எண்ணித் தரேன்னு முன்னால வந்த."

கையை இறக்கலாமா? இறக்கினால் மேளம் போச்சு. இறக்காவிட்டால் குடும்பம் போச்சு. மெட்டிச் சத்தம் வரிசை வரிசையாக நெருங்கி வந்து, சரியாக அவர் எதிரில் நின்றது.

"இன்னா மாமா இது? கை தூக்கிக்கினு இருக்கியா, கொசு ஓட்றியா?"

"கொசு" என்றார் ஆதிமூலம். கை இறங்கிவிட்டது.

"கீபோர்டு காலம்" என்றபோது பயத்தில் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டாள். கீபோர்டு ஒரே ஒரு கையில் ஜெயித்தது. தனக்கொடி கைதட்டிச் சிரித்தாள்.

திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டார். மனசு ஆறவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஏரியைப் பார்த்தே சொன்னார்.

"தனம், உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு."

"மேளம்தானே?"

ஆதிமூலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான மொத மாசத்திலேர்ந்து. சோறு எடுத்துக்கினு வந்தா மோட்டார் கொட்டாயே அதிருது. தெரியாம இருக்குமா?"

"அப்ப அந்த இருமல்?"

"நான் வர்றது தெரிஞ்சா நிறுத்திக்குவியேன்னுதான். மாட்டிக்கினு முழிச்சா பாக்கப் பாவமா இருக்காது? அதுக்குப் போயி அந்தக் கஷாயத்த வேற ஊத்துன பாரு!"

"சரி, தெரிஞ்சதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா காலையில சாணிய யாரு வார்றது?"

அவள் அவர் முதுகில் லேசாகத் தட்டினாள். குரல் இறங்கியிருந்தது.

"ஆனா இத்தினி வருஷம் எனக்காகப் பொறுத்துக்கினியே மாமா, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். நெசமாத்தான். இனிமே அந்தக் கஷ்டம் வாணாம். நாளையிலேர்ந்து வூட்ல மேளந்தான்."

கச்சேரி போனால் போகட்டும் என்று ஆதிமூலத்துக்குத் தோன்றியது. இனி ஒளிய வேண்டாம். விடியும்போது பாயை விட்டு எழக்கூட வேண்டாம். காலை நீட்டிப் படுத்தபடியே தவிலைக் கேட்கலாம். கல்யாணமான புதிதில்கூட அவர் அன்று ராத்திரிபோல் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மறுநாள் விடிகாலை, சொன்னபடியே மேளம் முழங்கியது. ஆனால் வீட்டுக்குள் இல்லை. வெளியே எங்கோ கேட்டது. காதைத் தீட்டிப் பார்த்தார். உடுக்கை சரியாகக் காதில் விழவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சத்தம் வந்த திக்கில் நடந்தார். மாட்டுக்கொட்டாய்க் கம்பத்தில் செல்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சாணிக்கூடை, துடைப்பம், பால் செம்பு, தண்ணீர்க் குடம்.

வீட்டுக்குள்ளிருந்து தனக்கொடியின் குரல் கேட்டது.

"பல்லவியில சாணிய வாரிடு மாமா, சரணத்துல பாலக் கறந்துடு. நீளப் பாட்டாச்சே, இன்னியிலேர்ந்து கொட்டாயயும் கழுவிடலாம்!"